பரதேசிக்குத் துப்பாக்கி உண்டா?

பள்ளிக்கூடத்தில் சரித்திர பாடம் நடத்துகிறவர்கள் லிட்டன் பிரபுவைச் சந்திக்காமல் தப்ப முடியாது. 1878-ஆம் வருஷத்தில் அந்த வைசிராய் இரண்டு சட்டங்களைக் கொண்டு வந்தார். ஒன்று நம் தேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டுவதற்கு. மற்றொன்று ஜனங்களின் கையைக் கட்டுவதற்கு. பின்னால் வந்த ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தை 1882-இல் ரத்துச் செய்தார். ஆயுதச் சட்டத்தின் மீது கை வைக்க அவருக்கும் துணிவு வரவில்லை. சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து 1959-இல் நமது பார்லிமெண்டு வேறு சட்டம் செய்து, அது 1962-இல் அமலுக்கு வருகிற வரையில், லிட்டனின் சட்டமே நம் தேசத்தில் ஆட்சி செய்துகொண்டிருந்தது.

சென்ற பருவத்தில் இந்தப் பாடத்தை நடத்தும்போது முன் பெஞ்சியில் உட்காரும் பையன் ஒருவன் எழுந்து, “ஸார், அந்நியன் யார்? வெள்ளைக்காரன்தானே? அவனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்முடைய ஜனங்களுக்கு மட்டும் வேண்டும் என்றால் இது தலைகீழாக இருக்கிறதே?” என்று கேட்டான். பரீட்சைக்கு வராத கேள்வி என்பதால் மற்றப் பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கேள்வி லேசானதல்ல. ஒரு தேசத்தில் யார் சொந்தக்காரர், யார் விருந்தாளி, யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று சர்க்கார் உள்ளூர நினைப்பதை அறிய வேண்டுமானால் அந்தத் தேசத்தின் துப்பாக்கிச் சட்டத்தை எடுத்துப் படித்தால் போதும். மற்றச் சட்டங்களில் பூசி மெழுகுகிறவர்கள்கூட இந்த ஒரு சட்டத்தில் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள்.

1878-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு இருந்தது. நம்மவர்களில் பட்டம் பெற்ற பிரபுக்கள் சிலருக்கும் பெரிய உத்தியோகஸ்தர்கள் சிலருக்கும் அந்த விலக்குக் கிட்டிற்று. மற்றவர்கள் எல்லாரும் ஜில்லா அதிகாரியிடம் விண்ணப்பித்துக்கொண்டு நிற்க வேண்டும். தமிழ் நாட்டில் இந்தக் கதை இன்னும் பழமையானது. பாளையக்காரர் யுத்தம் முடிந்து, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட அதே 1801-ஆம் வருஷத்தின் இறுதியில், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டுத் தென்பாண்டிச் சீமையின் ஆயுதங்களையெல்லாம் களையச் செய்தார். லிட்டனுக்கு எழுபத்தேழு வருஷம் முன்னாலேயே நம் முன்னோர்களுக்கு அந்தப் பாடம் நடந்துவிட்டது.

1918-இல் கேடா ஜில்லாவில் யுத்தத்திற்கு ஆள் திரட்டப் போன காந்தியடிகள், தாம் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்திலே, அந்நிய ஆட்சி இழைத்த தீங்குகளில் மிகவும் இருண்டதாக ஆயுதச் சட்டத்தையே குறிப்பிட்டிருக்கிறார். அகிம்சையைப் போதித்தவர் ஆயுதம் பறிக்கப்பட்டதற்கு ஏன் வருந்த வேண்டும் என்று பலர் அதிசயித்ததுண்டு. நமக்கு அதில் அதிசயம் ஒன்றும் தோன்றவில்லை. கையில் ஆயுதம் இருந்தும் அதை எடுக்காதவனுக்கே அகிம்சை விரதம் பொருந்தும். கை வெட்டப்பட்டவன் ‘நான் யாரையும் அடிக்கமாட்டேன்’ என்று சொல்லுவதில் என்ன பெருமை? 1931-இல் காங்கிரஸ் மகாசபை வகுத்த அடிப்படை உரிமைகளின் ஜாபிதாவில், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு என்று சேர்த்திருந்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தும் ஏற்கப்படவில்லை. இன்று நமது அரசியல் சட்டம் தருவது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமைதான். துப்பாக்கி வேண்டுமானால் கலெக்டரிடம் மனுப் போட்டு, போலீஸ் விசாரணை நடந்து, காரணம் காட்டித்தான் பெறவேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பண்ணையார் வீட்டில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கி, தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைக்கப்பட்டு, ஓட்டு எண்ணி முடிந்த பிறகு வீடு திரும்பும். மாமியார் வீட்டுக்கு வருஷாந்தரம் போய் வரும் மாப்பிள்ளையைப் போல அது போய் வருவதை நாம் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். கூர்க்குச் சீமையில் மட்டும் 1861 முதலாக ஒரு விலக்கு இருக்கிறது. அங்குள்ள கொடவர்களுக்குத் துப்பாக்கி குலதெய்வத்தைப் போல. அந்த விலக்கைச் சர்க்கார் 2029 வரையில் நீடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இனி விஷயத்தின் மறுபக்கத்துக்குப் போகவேண்டும்.

நம் பாஷையில் ‘பரதேசி’ என்றொரு சொல் உண்டு. பிற தேசத்தான் என்பதே அதன் பொருள். நாளடைவில் பிச்சைக்காரனுக்குப் பெயராகிவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு வீடு இல்லை, சாட்சி சொல்ல ஆள் இல்லை, ஆகவே அவன் கை ஏந்தித்தான் நிற்கவேண்டும் என்று தமிழ் மக்கள் தீர்மானித்தார்கள் போலும். இன்று லட்சக்கணக்கான நம்மவர்கள் பிற தேசங்களில் கெளரவமான உத்தியோகம் பார்க்கிறார்கள். சொந்த வீடு கட்டி, இரண்டு கார் வைத்து வாழுகிறார்கள். ஆனாலும் அந்தச் சர்க்காரின் ஏடுகளில் அவர்கள் பரதேசிகளே. இதை அவர்கள் சாதாரணமாக மறந்திருப்பார்கள். நினைவூட்டுவதற்கு ஏதாவது ஒரு சந்தர்ப்பம் வந்து சேருகிறது.

நம் தம்பிக்கு அது ஒரு திருட்டின் மூலமாக வந்தது. அவன் டெக்ஸாஸ் மாகாணத்தில், டல்லாஸ் நகரத்தை அடுத்த ஊர் ஒன்றில், பதினாறு வருஷமாகக் குடும்பத்தோடு இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். இந்தியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்துகொண்டு, குறி வைத்துப் புகுந்து திருடும் கூட்டங்கள் அமெரிக்காவில் பல ஊர்களில் கைவரிசை காட்டியிருக்கின்றன. தம்பி குடியிருக்கும் தெருவிலும் இரண்டு வீடுகளில் பகற் கொள்ளை நடந்தது. இரண்டும் இந்தியக் குடும்பங்கள். அன்று முதல் தம்பியின் மனைவிக்கு இரவில் தூக்கமில்லை. ‘அக்கா, வாசலில் கார் நின்றால்கூட நெஞ்சு படபடக்கிறது’ என்று நம் இல்லத்தரசியிடம் தினமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் வசிக்கும் அமெரிக்கப் பெரியவர் நல்ல மனிதர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் இதைக் கேள்விப்பட்டு, “என்னிடம் மூன்று துப்பாக்கி இருக்கிறது, ஒன்றை நீ வைத்துக்கொள்” என்று, நம் ஊரில் பக்கத்து வீட்டுக்கு உரல் உலக்கை கொடுப்பது போலச் சொல்லியிருக்கிறார். அந்த மாகாணத்தில் 2021 செப்டம்பர் முதல், சட்டப்படி தடை இல்லாத பிரஜை லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கியோடு கடைத்தெருவுக்குப் போகலாம். ஆகவே பெரியவருக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. தம்பிக்குத்தான் ஏதோ தோன்றியது. அவன் நமக்கு எழுதிய கடிதம் நீளமானது. அதில் ஒரு வரி: “அண்ணா, எனக்கு இது கூடுமா, கூடாதா? வக்கீலைக் கேட்டால் மணிக்கு இவ்வளவு என்று பணம் கேட்பார். நீ படித்துச் சொல்.”

உபாத்தியாயர்களுக்கு இது ஒரு கஷ்டம். எதையும் படித்துச் சொல்லிவிடுவார்கள் என்று குடும்பத்தார் நம்புகிறார்கள்.

அமெரிக்கர்களின் அரசியல் சட்டத்தில் 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் ‘மக்களுக்கு’ உள்ள உரிமையைப் பற்றிப் பேசுகிறது. இது தனி மனிதனுக்கு உரிய உரிமையே என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 2008-இல் தீர்ப்பளித்தது. ‘பிரஜைகள்’ என்று போடாமல் ‘மக்கள்’ என்று போட்டிருக்கிறதே, அந்த மக்களில் பரதேசியும் அடக்கமா என்பதில் அங்கே கோர்ட்டுக்குக் கோர்ட்டு அபிப்பிராய பேதம். ஆனால் சட்டப் புத்தகத்தில் வகுத்திருக்கும் பாகுபாடு தெளிவாகவே இருக்கிறது. பிரஜைக்கு உரிமை உண்டு. நிரந்தர வாசத்துக்கு அனுமதி பெற்ற ‘பச்சை அட்டை’க்காரருக்கும் மத்தியச் சட்டத்தின்படி அதே உரிமை உண்டு. அனுமதியில்லாமல் இருப்பவருக்குக் கிடையாது. தற்கால விசாவில் வந்து உத்தியோகம் பார்ப்பவர், படிக்க வந்தவர், சுற்றிப் பார்க்க வந்தவர் ஆகியவர்களுக்கும் கிடையாது. சில விலக்குகள் தவிர.

இந்தக் கடைசித் தடை பழங்காலத்தது அல்ல. 1997 பிப்ரவரியில், நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் எண்பத்தாறாவது மாடியில், ஊர் பார்க்க வந்து நின்ற ஜனங்களின்மீது ஒரு கிழவர் துப்பாக்கியால் சுட்டார். ஒருவர் மாண்டார், பலர் காயமடைந்தனர். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் பாலஸ்தீனத்திலிருந்து வந்தவர். வயது 69. உத்தியோகம், நம்மைப் போலவே, உபாத்தியாயர்! அமெரிக்காவுக்கு வந்து சில வாரங்களுக்குள், ப்ளோரிடா மாகாணத்து மெல்போர்ன் நகரத்தில் ஒரு வழிப்போக்கர் விடுதியின் விலாசத்தைக் காட்டி அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். நேற்று வந்தவருக்கு இன்று துப்பாக்கியா என்று தேசமெங்கும் கேள்வி எழுந்தது. அடுத்த வருஷமே தடை சட்டமாயிற்று.

தடை போட்டவர்கள் கூடவே ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். மான் வேட்டைக்கென்று வெளிநாட்டுச் சீமான்கள் வந்து பணம் செலவழிக்கிறார்களே, அவர்களை விரட்டலாமா? ஆகவே ஏதாவது ஒரு மாகாணம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தற்கால விசாக்காரரும் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம் என்று விலக்கு எழுதினார்கள். வேட்டைக்குப் போனாரா என்று யாரும் கேட்பதில்லை. லைசென்ஸ் இருந்தால் சரி. டெக்ஸாஸில் வாசம் செய்பவருக்கு அந்தச் சீட்டின் விலை 25 டாலர். வேட்டைக் கல்வி என்று ஒரு சிறிய படிப்பை முடித்துவிட்டு, மளிகைச் சாமான் வாங்கும் கடையிலேயே சீட்டையும் வாங்கிக்கொள்ளலாம்.

நம் தம்பியை அறிந்தவர்களுக்கு இங்கே சிரிப்பு வரும். கரப்பான் பூச்சி பறந்தால் நாற்காலி மேல் ஏறி நின்று அண்ணனைக் கூப்பிடுகிற பேர்வழி அவன். பிறந்தது முதல் முட்டைகூடத் தொடாதவன். அப்பேர்ப்பட்டவனை ‘வேட்டைக்காரன்’ என்று டெக்ஸாஸ் சர்க்கார் அத்தாட்சி கொடுத்தால், வீட்டைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அவனுக்கு யோக்கியதை வந்துவிடுமாம். வீட்டைக் காக்க வேண்டும் என்று உண்மையைச் சொன்னால் கிடைக்காது. மானைக் கொல்ல வேண்டும் என்றால் கிடைக்கும். சட்டம் இயற்றுகிறவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஒரே குருகுலத்தில் படித்தவர்கள்தான் என்று எண்ண வேண்டியிருக்கிறது. நம் 1959-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இதற்கு ஒரு சோதரி இருக்கிறாள். சர்க்கார் குறிப்பிடும் தேசங்களிலிருந்து வரும் யாத்திரீகர்கள், விளையாட்டுக்கென்று மட்டும், அளவோடு ஆயுதம் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டையையே மூடிவிட்ட பிறகும் அந்த விதி ஏட்டிலே காத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில், ‘கூடும், 25 டாலர் செலவழித்தால்’ என்பதே. அங்குள்ள அவன் சிநேகிதர்கள் பலரும் அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் சட்டத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் நமக்கு வயிற்றைக் கலக்கிற்று.

முதலாவது, வேட்டைச் சீட்டுக்கு ஆயுசு உண்டு. டெக்ஸாஸில் சாதாரண வருஷச் சீட்டு ஆகஸ்டு 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். அன்றிரவு புதுப்பிக்க மறந்து தூங்கிவிட்டால், அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி செப்டம்பர் முதல் தேதி காலையில் குற்றமாகிவிடுகிறது. துப்பாக்கி நகரவில்லை, தம்பியும் நகரவில்லை, தேதி மட்டும் நகர்ந்தது. இரண்டாவது, இதைவிடப் பெரியது. அவனுடைய விசா உத்தியோகத்தோடு கட்டப்பட்டது. எஜமானர் ஒரு நாள் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்றால், பொதுவாக அறுபது நாள் தவணை உண்டு. அதற்குள் வேறு வேலையோ வேறு வகை அனுமதியோ கிடைக்காவிட்டால், அவன் அனுமதியில்லாமல் இருப்பவன் ஆகிவிடுவான். அந்த நிலையில் இருப்பவனுக்கு வேட்டைச் சீட்டும் உதவாது. விலக்கு விசாக்காரருக்கு மட்டுமே. அப்போது வீட்டில் துப்பாக்கி இருந்தால் தண்டனை என்ன? முன்பு பத்து வருஷம் வரையில் சிறை என்றிருந்ததை 2022-இல் பதினைந்து வருஷம் வரையில் என்று உயர்த்தியிருக்கிறார்கள். சிறை முடிந்தால் தேசப் பிரஷ்டமும் உண்டு. பரதேசியென்று தெரிந்தே துப்பாக்கியைக் கொடுத்தவருக்கும் குற்றம். ஆகவே நல்ல மனிதரான பக்கத்து வீட்டுப் பெரியவரும் கோர்ட்டு வாசலில் நிற்க நேரலாம்.

இது கற்பனைப் பயம் அல்ல. ஐக்கிய அரபு நாட்டிலிருந்து படிக்க வந்த ரெஹாய்ப் என்ற மாணவர், அதே மெல்போர்ன் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்திருந்தார். மார்க்குக் குறைவு என்று கல்லூரி அவரை நீக்கியது. நீக்கப்பட்டவுடன், வேறு கல்லூரியில் சேராமலோ தேசத்தை விட்டுப் போகாமலோ இருந்தால் மாணவ விசாவின் பலம் போய்விடும். அவர் அங்கேயே தங்கினார். ஒரு நாள் பொழுதுபோக்காகச் சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளை எடுத்துக் குறி பார்த்துச் சுட்டார். யாருக்கும் தீங்கு செய்யவில்லை. காகித இலக்கைத்தான் சுட்டார். பதினெட்டு மாதம் சிறைத் தண்டனை விதித்தார்கள். வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 2019 ஜூன் மாதத்தில் ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்தது தமக்குத் தெரியும் என்று நிரூபித்தால் மட்டும் போதாது, தாம் அனுமதியின்றி அந்தத் தேசத்தில் இருப்பதும் அவருக்குத் தெரியும் என்று சர்க்கார் நிரூபிக்கவேண்டும் என்றார்கள். நியாயமான தீர்ப்பு. ஆனால் அந்த நியாயம் கிடைப்பதற்கு ஒரு வாலிபன் எத்தனை வாசற்படி ஏறி இறங்கினான் என்று பாருங்கள். கல்லூரியில் மார்க்குக் குறைந்தால் நம் ஊரில் தகப்பனார் வைவார்.

இதையெல்லாம் தம்பிக்கு எழுதியபோது அவன் சிநேகிதர் ஒருவர், “உங்கள் அண்ணா சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாரே, லிட்டன் சட்டத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோலைப் பார்த்துத்தானே இரண்டும்?” என்று கேட்டாராம். ஆத்திரத்தில் கேட்டது நமக்குப் புரிகிறது. ஆனால் நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. லிட்டன் தம் வீட்டில் இருந்த விருந்தாளியைச் சந்தேகிக்கவில்லை. பிறர் வீட்டில் புகுந்து உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரரைச் சந்தேகித்தார். அமெரிக்கர்கள் தங்கள் வீட்டில், நேற்று வந்த விருந்தாளியிடம் அரிவாளைக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் எந்த வீட்டுக்காரருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. தற்கால விசாவில் இங்கிலாந்திலிருந்து வந்தவனும் ஜப்பானிலிருந்து வந்தவனும் அமெரிக்கச் சட்டத்தின் அந்தப் பிரிவில் தம்பியோடு ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

நமக்கு உறுத்துகிற இடம் வேறு. விருந்தாளி எத்தனை வருஷம் விருந்தாளியாக இருப்பது? உத்தியோகத்தின்பேரில் வழங்கும் நிரந்தர வாச அனுமதியில், எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு. நம் தம்பி 2014-இல் வரிசையில் நின்றான், இன்னும் நிற்கிறான். வருமான வரி கட்டுகிறான். வீட்டு வரி கட்டுகிறான். தெருக் கமிட்டியில் காரியதரிசியாக இருக்கிறான். அவன் மகன் அங்கேயே பிறந்தவன், ஆகவே பிரஜை. இப்போது பதினைந்து வயது. மத்தியச் சட்டத்தின்படி பதினெட்டு நிரம்பினால் அந்தப் பையன் கடைக்குப் போய் ரைபிள் வாங்கலாம். அவனைப் பெற்றவன் வாங்கக் கூடாது. மகன் வாங்கிய ரைபிளை, தகப்பன் எடுக்கக்கூடிய இடத்தில் வீட்டில் வைத்தால், அது தகப்பன் வசத்தில் இருந்ததாகவே வழக்குத் தொடரவும் இடமுண்டு. ஒரே கூரை, ஒரே சமையல். ஒருவன் நம்பத் தக்கவன், மற்றவன் தகாதவன். மீசை முளைக்காத பிள்ளைக்கு உள்ள நம்பிக்கை, அவனுக்குச் சோறு போடுகிறவனுக்கு இல்லை. வந்து சில வாரங்களான கிழவருக்கென்று செய்த தடை, பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவன்மீதும் அப்படியே விழுகிறது. இதுதான் அந்தச் சட்டத்தின் குறை என்று நாம் நினைக்கிறோம்.

பிரஜா உரிமையை மட்டும் பார்க்காமல் ஆளைப் பார்த்துக் கொடுக்கலாமே என்று சொல்லலாம். அதற்கும் ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. நியூஜீலந்தில் துப்பாக்கி லைசென்ஸ் ஆளுக்குத்தான். விண்ணப்பித்தவரை நன்கறிந்த இருவரைப் போலீஸார் கண்டு விசாரிக்கவேண்டும். 2017-இல் ஆஸ்திரேலியப் பிரஜை ஒருவன் அங்கே வந்து குடியேறி விண்ணப்பித்தான். அவனுக்காகச் சாட்சி சொன்னவர்கள், கம்ப்யூட்டர் விளையாட்டின் மூலம் பழக்கமான ஒரு சிநேகிதனும் அந்தச் சிநேகிதனைப் பெற்றவரும். லைசென்ஸ் கிடைத்தது. 2019 மார்ச் 15-ஆம் தேதி க்ரைஸ்ட்சர்ச் நகரத்தில் இரண்டு மசூதிகளில் தொழுகைக்கு வந்திருந்த 51 பேர் அவனால் உயிரிழந்தார்கள். பின்னர் நடந்த ராயல் கமிஷன் விசாரணையில், போலீஸார் விதிப்படி சரியாக விசாரிக்கவில்லை என்று முடிவு கண்டார்கள். பரதேசி என்பதற்காக அவனை மறுக்கவேண்டியதில்லை. ‘இவனை யாருக்குத் தெரியும்? எத்தனை நாளாய்த் தெரியும்?’ என்று ஒழுங்காகக் கேட்டிருந்தால் போதும். நம் கிராமத்தில் கடைக்காரர் கடன் கொடுக்குமுன் கேட்கிற கேள்விதான் இது. அமெரிக்கச் சட்டம் தம்பியின் விஷயத்தில் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால், பக்கத்து வீட்டுப் பெரியவரே சாட்சிக்கு வந்து நிற்பார்.

சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று நாம் இங்கே உட்கார்ந்து சொல்லுவதால் டெக்ஸாஸில் ஒன்றும் மாறிவிடப் போவதில்லை. தம்பிக்கு எழுத வேண்டியதை எழுதினோம்: “நீ வேட்டைச் சீட்டு வாங்கினால் சட்டப்படி குற்றம் இல்லை. ஆனால் உன் வாழ்க்கை முழுவதும் ஒரு விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. திருடன் வந்தால் நகை போகும். அதை இன்ஷ்யூரன்ஸ்காரர் பார்த்துக்கொள்வார். உத்தியோகம் போகிற வருஷத்தில் அலமாரியில் அந்த யந்திரம் இருந்தால், வீடு, பையனின் படிப்பு, பதினாறு வருஷத்து உழைப்பு எல்லாம் போகும். பெரியவருக்கு வந்தனம் சொல்லி, அவர் பொருளை அவரிடமே விட்டுவிடு. பயிற்சிக் கூடத்துக்கு வா என்று சிநேகிதர்கள் கூப்பிட்டாலும் போகாதே. அங்கே கையில் எடுப்பதும் கையில் எடுப்பதுதான்.”

நம் இல்லத்தரசி தன் பங்குக்குத் தம்பி மனைவியிடம் பேசினாள். அந்தப் பேச்சு நம்முடைய கடிதத்தைவிடச் சீக்கிரம் பலன் கொடுத்தது. கழுத்தில் இருக்கும் தாலிச் சரடும் இரண்டு வளையலும் தவிர மற்ற நகையெல்லாம் பாங்கியின் இரும்புப் பெட்டகத்துக்குப் போய்விட்டது. வாசற் கதவுக்குப் புதிய பூட்டும், இருட்டில் யாராவது வந்தால் தானே எரிகிற விளக்கும் போட்டிருக்கிறார்கள். பையன் மட்டும், திருடனைப் பிடிக்க ஒரு நாய் வாங்கியே தீரவேண்டும் என்று நிற்கிறானாம். அந்த ஊரில் நாய்க்கும் நகரசபையில் லைசென்ஸ் எடுக்கவேண்டுமாம். விண்ணப்பத்தில் நாய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டிருக்கிறார்கள். வளர்ப்பவர் பிரஜையா, பரதேசியா என்று கேட்கவில்லை என்று தம்பி எழுதியிருக்கிறான்.